நேற்றிரவு படுத்த ஊர்

"நேத்து ராத்திரி எங்க படுத்தீங்க?"

கலியாணம் முடிந்து ஒரு கிழமைகூட ஆகாத ஒருவனிடம், நாற்பது பேர் நிற்கிற வரிசைக்கு முன்னால் வைத்து, உம்மு குல்தூம் இப்படித்தான் கேட்கிறாள். பின்னால் நிற்கும் பெண்கள் சால்வை நுனியால் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். மாப்பிள்ளைக்குக் காது மடல் சிவக்கிறது. அவள் சிரிப்பதுமில்லை, கேள்வியை மாற்றுவதுமில்லை. பேனாவைச் சீட்டுத் துண்டுக்கு மேலே பிடித்தபடி காத்திருக்கிறாள். "கற்பிட்டில... மாமிட வீட்ட" என்று அவன் முணுமுணுத்த பிறகுதான் பேனா இறங்குகிறது.

"வெக்கப்பட என்ன இருக்கு? நுளம்பு வெக்கம் பாத்தா கடிக்குது?" என்று சொல்லிக்கொண்டே இருபத்தாறாம் நம்பர் துண்டை நீட்டுகிறாள்.

புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் போகிற பாதையில், உப்புநீர்க் களப்பைப் பார்த்தபடி இருக்கிறது அந்தச் சின்ன அரசாங்க ஆஸ்பத்திரி. அதன் முன் யன்னலுக்கு உள்ளே அவளுடைய கதிரை. முப்பத்தாறு வயது. உத்தியோகம் என்று பார்த்தால் துண்டு கொடுப்பதுதான். ஆனால் டொக்டர் லீவு போட்டால் ஆஸ்பத்திரி நடக்கும், அவள் லீவு போட்டால் நடக்காது. பேனாவை நூலால் மேசைக் காலில் கட்டி வைத்திருக்கிறாள். இதற்கு முந்திய ஒன்பது பேனாக்களும் காய்ச்சல்காரரோடு வீட்டுக்குப் போய்விட்டனவாம். வரிசையில் யாரையும் முந்த விடமாட்டாள். பள்ளிவாசல் தலைவர் வந்தாலும் சரி, பங்குச் சுவாமி வந்தாலும் சரி, "இருங்க, இருங்க. வருத்தத்துக்குப் பெரிய மனிசர் சின்ன மனிசர் தெரியாது" என்று வாங்குப் பலகையைக் காட்டுவாள். பத்து மணிக்கு ஒரு பணிசும் பிளேன்ரீயும். பணிசின் மேலிருக்கிற சீனியை முதலில் சுரண்டித் தின்றுவிட்டு, மிச்சத்தைத்தான் தேநீரில் தோய்ப்பாள். கேட்டால், "நல்லத முதல்ல திண்டுறணும். டொக்டர் எப்பக் கூப்பிடுவாரோ தெரியாது" என்பாள்.

முகத்தைப் பார்க்கும் முன் காலைப் பார்ப்பது அவளுடைய இன்னொரு பழக்கம். பாதத்தில் செம்மண் ஏறியிருந்தால் வண்ணாத்திவில்லுப் பக்கம். குதிக்கால் வெடிப்பில் உப்புப் பூத்திருந்தால் உப்பளத்து ஆள். கணுக்காலில் ஒரு மீன் செதில் காய்ந்து ஒட்டியிருந்தால், கடற்கரைக் கத்தோலிக்கக் குடிசைகளிலிருந்து வந்தவர் என்று நிச்சயம். ஒரு முறை, "நான் ஒரு கிழமையாப் படுக்கையில கிடக்கிறன்" என்று மருத்துவ லீவுத் துண்டு கேட்டு வந்தவனின் விரலிடுக்கில் வெங்காயச் சருகைக் கண்டுவிட்டாள். "உங்கட கட்டில் வெங்காயத் தோட்டத்துக்குள்ளயா போட்டிருக்கு?" என்று கேட்டதும் வரிசை முழுக்கச் சிரித்தது. அந்த ஆள் துண்டு வாங்காமலே போய்விட்டான்.

மேசையில் பழைய பால்மா டின் ஒன்று. அதற்குள்தான் அரசாங்கம் கொடுத்த போன் கிடக்கும். கடற்காற்று பட்டால் பழுதாகிவிடுமாம். டின்னைத் தூக்கினால் போனோடு சேர்ந்து வேறொரு சின்னப் பொருளும் உருளும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

போனில் இருப்பது ஒரு பொதுத் திரை. சிலாபத்திலிருந்து மன்னார் வரைக்கும் கரையோரத்து ஆஸ்பத்திரிகள் எல்லாம் அன்றன்றைய நோய் வருத்தங்களை அதில் அடிக்கின்றன. பெயர் கிடையாது. வயது, என்ன வருத்தம், எத்தனை நாள், எந்த ஊர், அவ்வளவுதான். ஒரு ஊரின் பெயரை முதன்முதல் அடித்ததும் வரைபடத்தில் அதற்கு ஒரு பச்சைப் புள்ளி விழும். ஏழு நாளுக்குள் அதே ஊரிலிருந்து பத்துக் காய்ச்சல் சேர்ந்துவிட்டால், அது சிவப்பாகும். எல்லா அலுவலகத்துக்கும் ஒரே நேரத்தில் தெரியும். நோய் ஊரைச் சுற்றிவர முன்னமே ஆட்கள் போய்ச் சேரலாம் என்பதுதான் எண்ணம். நுளம்புக்குப் புகை அடிக்கிற குழுவும் பொதுவானதுதான், நாலு பிரதேசத்துக்கு ஒன்று. எங்கே சிவக்கிறதோ அங்கே போகும்.

உம்மு குல்தூமுக்கு அந்தத் திரையில் ஒரு தனிப் பிரியம். மத்தியானம் வரிசை ஓய்ந்ததும் இரண்டு விரலால் கரையை விரித்துப் பார்ப்பாள். "வண்ணாத்திவில்லுல இன்டைக்கு நாலு பேருக்கு வயித்தால போகுது. கிணறு கலங்கியிருக்கும். சிலாபத்துல இருமல் குறைஞ்சிட்டு, அல்ஹம்துலில்லாஹ்" என்று, மச்சாள் வீட்டுச் சேதி சொல்வதுபோல மருந்து கொடுக்கிற பெண்ணுக்குச் சொல்லுவாள். கண்ணால் காணாத சனங்களின் வயிறு அவளுக்குக் கவலை.

போன் தந்தபோது புத்தளத்தில் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "ஆக்கள் சொல்றத அப்பிடியே அடியுங்க. உங்கட யோசனையச் சேக்க வேணாம்." உம்மு குல்தூம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வினை அங்கேதான் தொடங்கியது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கட்டை தூரத்தில் ஸலாமத்புரம். தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில், யுத்த காலத்தில், மற்ற வடக்கு முஸ்லிம்களோடு சேர்த்து மன்னார் தாராபுரத்திலிருந்து விரட்டப்பட்டு, மழைக்குள் வள்ளங்களில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்களின் குடியிருப்பு. அவர்களில் ஒருத்திதான் உம்மு குல்தூம், அப்போது ஒன்பது வயது. ஓலைக் கொட்டில் தகரமாகி, தகரம் கல்வீடாகி, இருபத்தேழு வருஷம் போய்விட்டது. அவள் ஓதியதும் படித்ததும் இங்கே. ஃபைஸலுக்கு வாழ்க்கைப்பட்டதும், வாப்பாவை அடக்கம் செய்ததும் இங்கே. ஆனால் "எந்த ஊர்?" என்று கேட்டால் ஸலாமத்புரத்தில் ஒருவர்கூட ஸலாமத்புரம் என்று சொல்லமாட்டார். "தாராபுரம்." புத்தளம் ஆஸ்பத்திரியில் பிறந்து, தாராபுரத்து மண்ணைக் கண்ணாலும் காணாத பிள்ளையும் அதையேதான் சொல்லும்.

பாசம் ஒரு பக்கம். பயம் மறு பக்கம். யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பலாம் என்று ஆனதிலிருந்து காணிக்கு, வாக்காளர் இடாப்புக்கு, வீட்டுத் திட்டத்துக்கு என்று எங்கே போனாலும் ஒரே கேள்வி: நீங்கள் உண்மையில் எங்கே இருக்கிறீர்கள்? வாய் தவறி "இஞ்ச" என்று சொன்னதால் விண்ணப்பம் திரும்பி வந்ததாக ஊருக்குள் ஆளுக்கொரு கதை உண்டு. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாது. ஆகவே கேட்பது யாராக இருந்தாலும், காய்ச்சலுக்கு மருந்து எடுக்க வந்த இடத்திலும், "தாராபுரம்".

அவளும் அப்படியே அடித்தாள்.

இந்த ஜனவரியில் ஐந்து நாளைக்குள் பதினொரு காய்ச்சல் வந்தது. பதினொன்றும் தாராபுரம். மன்னாரில் தாராபுரத்தின் மேல் புள்ளி சிவந்தது. அங்குள்ள ஆட்கள் மருந்தும் மெசினுமாக ஓடிப்போய் வீடு வீடாகத் தட்டியிருக்கிறார்கள். பாதி வீடு பூட்டுப் போட்டிருந்தது. மீதி வீடுகளில் எல்லோரும் கல்லுப்போல இருந்தார்கள். "இஞ்ச இருமுறதுக்குக்கூட ஒரு ஆளில்ல" என்று மன்னாரிலிருந்து போன் வந்தது இந்தப் பக்கத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு. அவன் பெயர் சஜீவன். சிலாபக் கரைக் கத்தோலிக்கப் பொடியன்; வேலைக்கு வந்து இரண்டு வருஷம். ஹெல்மெட்டைக் கழற்றாமலே யன்னலடிக்கு வந்து நின்றான்.

"அக்கா, ஒரு விசயம் விளங்கல்ல. தாராபுரம் ஆக்கள் அவ்வளவு தூரத்தில இருந்து, ஒரு பெனடோல் வாங்க உங்கட்டயா வாறாங்க?"

உம்மு குல்தூம் முதலில் சிரித்துவிட்டாள். "அவங்க எங்க தம்பி வாறாங்க? இந்தா, ஸலாமத்புரத்து ஆக்கள்தானே" என்று சொல்லும்போதே சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அந்தப் பதினொரு பேரின் கால்களையும் அவள் பார்த்திருந்தாள். ஸலாமத்புரத்து ஒழுங்கைகளுக்குக் களப்புச் சிப்பியை நொறுக்கிப் போட்டிருக்கிறார்கள். நடந்து வருகிற எவரின் குதிக்காலிலும் அந்த வெள்ளைத்தூள் இருக்கும். பதினொன்றிலும் இருந்தது. கண் ஒன்றைக் கண்டது, கை வேறொன்றை அடித்தது.

அன்று விடியத்தான் சப்னாவைப் புத்தளத்துக்குக் கொண்டு போயிருந்தார்கள். உம்மு குல்தூமின் வேலிக்கு அடுத்த வீட்டுப் பிள்ளை, பத்தொன்பது வயது. பல் முரசில் இரத்தம் கசிந்தது. டெங்கு என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

"அப்ப நீயே மாத்தி அடி தம்பி. இப்பவே அடி."

"எனக்கு ஏலாது அக்கா. நீங்க அடிச்சத நீங்கதான் திருத்தலாம். அதுவும் ஆக்கள்ட வாயால வரணும், இல்லாட்டி நாளைக்கு ஒருத்தரும் இந்தத் திரைய நம்பமாட்டாங்க." அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "ஸலாமத்புரத்தில இருநூத்தி முப்பது வீடு. நான் தனியப் போனா ஒரு நாளைக்குப் பத்து வீடு பாப்பன். இன்டைக்குப் பத்துக் காட்டினா நாளைக்குக் காலம்பற குழு வரும். காட்டாட்டி வேற எடத்துக்குப் போயிரும். பிறகு அடுத்த கிழமைதான்."

அடுத்த கிழமைக்குள் இன்னும் எத்தனை சப்னா? அவள் டின்னை ஹேன்ட்பேக்குக்குள் போட்டுக்கொண்டு எழும்பினாள்.

முதல் வீட்டில் "நீங்க எங்க இருக்கிறீங்க?" என்றுதான் கேட்டாள். அந்த மனிசி, தன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதையும் மறந்து, அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன்டி, உனக்குத் தெரியாதா? தாராபுரம்" என்றாள். இரண்டாம் வீட்டிலும் அதே கதை. மூன்றாம் வீட்டில், சுருட்டாமல் கிடந்த பாய் ஒன்று உம்மு குல்தூமின் கண்ணில் பட்டது.

"ராத்தா, நேத்து ராத்திரி எங்க படுத்தீங்க?"

"இதென்ன கேள்வி? இந்தா, இந்தப் பாயிலதான்."

"அதப் போடவா? ஊர் எதுன்னு நான் கேக்கல்ல. ஊர் உங்கட, அத ஒருத்தரும் எடுக்க ஏலாது. நுளம்பு கடிச்ச எடத்தத்தான் கேக்கிறன்."

வீட்டுக்காரி பாயைச் சுருட்டிச் சுவரில் சாய்த்தாள். பிறகு, "போடு" என்றாள்.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு முதல் இரண்டு வீட்டுக்கும் திரும்பிப் போனாள். பின்னேரம் அஸர் தொழுகைக்கு வாங்கு சொல்லும்போது ஒன்பது பேர் "போடு" என்று சொல்லியிருந்தார்கள். பத்தாவது வீடு செய்னுலாப்தீன் ஹாஜியாருடையது. காய்ச்சலில் முகம் வெந்து கிடந்தது. இருந்தாலும் கதவைப் பிடித்தபடி எழும்பி நின்றார்.

"என்ட ஊர என்ட வாயால அழிக்கச் சொல்றியா, புள்ள?"

உம்மு குல்தூமுக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அன்றைக்கு அந்த மழைக்குள் அவளைத் தூக்கி வள்ளத்தில் ஏற்றிவிட்டவர் இதே ஹாஜியார்தான். "இல்ல வாப்பா. பெனடோல மறக்காமக் குடிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

மிச்சம் இருந்தது பதினோராவது காய்ச்சல். அது அவளுடைய வீட்டில் படுத்திருந்தது. மகள் முஃப்லிஹாவுக்குப் பன்னிரண்டு வயது, காய்ச்சல் மூன்றாம் நாள். அந்த ஒரு துண்டுக்கு மட்டும் எவரும் வாய் திறந்து பதில் சொல்லியிருக்கவில்லை. கேட்டவளும் அவளே, "தாராபுரம்" என்று அடித்தவளும் அவளே. அவளுக்கே அது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

முற்றத்தில் ஃபைஸல் நின்றிருந்தான். ஆட்டோ ஓட்டுகிறவன். மாதம் ஒரு தடவை பிளாஸ்டிக் ஃபைல் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மன்னார் பஸ் ஏறுவான். தாராபுரத்தில் தன் வாப்பாவின் காணியில் வீடு கட்ட எழுதிப்போட்டு நாலு வருஷம்.

"ஒம்பது இருக்குத்தானே. போதும்" என்றான்.

"பத்து வேணும்."

"ரெண்டு கிழமைல வீட்டுத் திட்டத்துக்கு விசாரிக்க வாறாங்க. இவங்க இஞ்சதான் இருக்கிறாங்கன்னு உன்ட கையாலயே அடிச்சுக் குடுக்கப்போறியா?"

"இதுல பேரில்லங்க. சஜீவன் தம்பி சொன்னான்."

"இருவத்தேழு வருஷமாப் பேரில்லாத கடதாசிதானே குல்தூம் எங்களத் தேடித் தேடி வந்திருக்கு."

அவன் சொன்னது பொய்யில்லை. அந்த வீட்டுக்காக அவள் கேட்ட துஆக்கள் அவனுடையதைவிடக் குறைந்தவையுமல்ல. தாராபுரத்து வீட்டின் குசினி யன்னல் எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்பதுவரை அவள் நினைத்து வைத்திருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் சப்னாவின் உம்மா யாசீன் ஓதுகிற சத்தம் கேட்டது.

உள்ளே போய்க் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். பழக்கதோஷம், முதலில் காலைத்தான் பார்த்தாள். மூன்று நாள் படுக்கையில் கிடந்தும் மகளின் குதிக்காலில் சிப்பித்தூள் போகவில்லை.

"மகள், நேத்து ராத்திரி எங்க படுத்த?"

முஃப்லிஹா ஒரு கண்ணைத் திறந்தாள். "உங்கட பக்கத்துலதானே உம்மா. என்ன, உங்களுக்கும் காய்ச்சலா?"

உம்மு குல்தூம் டின்னைத் திறந்து போனை எடுத்தாள். தாராபுரத்தை அழித்தாள். ஸலாமத்புரம் என்று ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். சிலாபத்திலிருந்து மன்னார் வரைக்கும் எல்லாத் திரையிலும் களப்போரத்தில் ஒரு புள்ளி சிவந்தது. இருபத்தேழு வருஷத்தில் ஸலாமத்புரம் முதல் தடவையாக ஒரு படத்தில் தெரிந்தது அன்றைக்குத்தான். ஃபைஸல் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலம்பறவே குழு வந்தது. கிணற்றுத் தண்ணீர் உவர் என்பதால் ஸலாமத்புரத்தில் பவுசர் வண்டித் தண்ணீரைப் பரல்களில் பிடித்து வைத்துத்தான் குடிக்கிறார்கள். நுளம்பு அங்கேதான் இருக்கும் என்று சஜீவன் நேராகப் பரல்களிடம் போனான். எல்லாப் பரலும் துணி கட்டி, கல் வைத்து, ஒழுங்காக மூடியிருந்தன. ஒரு குடம்பிப் புழுகூட இல்லை. "அப்ப எங்கதான் வளருது?" என்று தலையைச் சொறிந்துகொண்டு சுற்றிப் பார்த்தான்.

அப்போதுதான் அவன் கண்ணுக்கு அது தெரிந்தது. உம்மு குல்தூம் எத்தனையோ வருஷமாகப் பார்த்தும் பாராமல் இருந்தது. ஒவ்வொரு வளவிலும் சுவரோரமாகச் சாமான்கள். ஓட்டடுக்கு, யன்னல் நிலை, கொங்கிரீட் வளையம், மலசலகூடப் பீங்கான். கையில் கொஞ்சம் மிஞ்சும்போதெல்லாம் ஒவ்வொன்றாக வாங்கி, தாராபுரத்தில் கட்டப்போகிற வீட்டுக்கென்று பத்திரப்படுத்தியவை. இந்த வீட்டுக்கு அவற்றில் ஒரு ஆணிகூட எடுக்கமாட்டார்கள். டிசம்பர் மழை அவற்றுக்குள்தான் நின்றிருந்தது.

"அக்கா, இஞ்ச வாங்க" என்று சஜீவன் கூப்பிட்டது அவளுடைய வளவுக்குள் இருந்தே. ஓட்டடுக்கின் மேல் வானநீலத்தில் ஒரு பேசின், கை கழுவுவதற்கு. ஃபைஸல் புத்தளத்தில் தெரிந்தெடுத்து, மடியில் வைத்துக் கொண்டு வந்தது. கதவுப் பிணைச்சல்களையும் ஆணிகளையும் அதற்குள் போட்டு, அவை கீழே விழுந்துவிடாமல் ஓட்டைக்குத் தக்கை வைத்து இறுக்கியிருந்தான். மேலே கட்டிய பொலித்தீனைக் காற்று எப்போதோ கொண்டுபோய்விட்டது. துருப்பிடித்த பிணைச்சல்களுக்கு நடுவே குடம்பிகள் துள்ளிக்கொண்டிருந்தன.

சப்னா பன்னிரண்டு நாள் கழித்து, முகத்தில் கண் மட்டும் மிஞ்சி, வீட்டுக்கு வந்தாள். முஃப்லிஹா அதற்கு முன்பே எழும்பிப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். மூன்றாம் கிழமை ஸலாமத்புரத்துப் புள்ளி பச்சையானது. வீட்டுத் திட்டத்து ஆட்கள் வந்தார்கள், கேட்டார்கள், எழுதினார்கள்; ஃபைல் இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது. சிவப்புப் புள்ளியைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. கேட்காததும் ஃபைஸலுக்கு ஒரு பயம்தான். ஹாஜியார் போன மாதம் இருமலுக்கு வந்தபோது, அவள் வாய் திறக்க முதலே, "தாராபுரம்" என்றார். துண்டைக் கையில் வாங்கிய பிறகு, "ஆனா நேத்துப் படுத்தது இஞ்ச" என்றார்.

குழு வந்த அன்று, அவர்கள் போன பிறகு, அந்தப் பேசினின் இரண்டு பக்கமும் புருஷனும் பெண்சாதியும் நின்றார்கள். ஃபைஸல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உம்மு குல்தூம் தண்ணீரை வெயில் மணலில் ஊற்றினாள். பிணைச்சல்களை ஒவ்வொன்றாக எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் சாரத்தில் துடைத்துத் துடைத்து வாங்கிக்கொண்டான். எறியவா என்று அவளும் கேட்கவில்லை, எறி என்று அவனும் சொல்லவில்லை. தக்கையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினாள். பேசினைச் சால்வைத் தலைப்பால் உள்ளும் புறமும் துடைத்து, ஓட்டடுக்கின் மேல் கவிழ்த்து வைத்தாள். தக்கையை வேலிக்கு அப்பால் வீசக் கையை ஓங்கியவள் ஒரு கணம் நின்றாள். பிறகு பால்மா டின்னைத் திறந்து, போனுக்குப் பக்கத்தில் அதைப் போட்டு மூடினாள்.